அண்ணாச்சி வீட்டு ஈசானி மூலைத் தொட்டி

பாசமுள்ள அத்தானுக்கு,

நான் உங்களுக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. கல்யாணத்துக்கு முந்தி எழுதியிருக்கலாம். ஆனால் நீங்கள் அடுத்த தெருவிலேயே இருந்தீர்கள், தினமும் எங்கள் வீட்டு வழியாகத்தான் வேலைக்குப் போனீர்கள். அப்புறம் இருபத்துமூணு வருசம் ஒரே கூரை, ஒரே சாரம். நீங்கள் கொத்தனார், நான் உங்களுக்குச் சித்தாள். பக்கத்தில் நிற்கிற மனுசனுக்கு யாராவது தபால் போடுவார்களா?

நம் கட்டிடத் தொழிலாளர் சங்கத்து ஆண்டு மலரில் மறைந்துபோனவர்களுக்கு இடம் ஒதுக்குகிறார்கள். உங்கள் போட்டோவும் கீழே நாலு வரியும் போதும் என்றார் செயலாளர். நாலு வரியில் முடிகிற விசயம் இல்லை, எனக்கு நாலு பக்கம் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கினேன். சண்டை போடுவதில் நான் எப்படி என்று உங்களுக்குத் தெரியாததா? இதை நீங்கள் படிக்கிறீர்களோ இல்லையோ, நம் ஆட்கள் எல்லோரும் படிக்க வேண்டும். அதற்காகத்தான் ஊரறிய எழுதுகிறேன்.

முதலில் வீட்டு நடப்பைச் சொல்லிவிடுகிறேன். நம் மகள் மலர் நன்றாக இருக்கிறாள். துறைமுகத்துப் பக்கம் கப்பல் சரக்கு பார்க்கிற ஒரு ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. உங்களைப் போல வாயைத் திறக்க மாட்டாள், என்னைப் போல மூக்குக்கு மேல் கோபம் வரும். இரண்டும் சேர்ந்து ஒருத்தியிடம் இருந்தால் என்ன ஆகும்? வரப்போகிற மருமகனை நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது.

சரி, விசயத்துக்கு வருகிறேன்.

தங்கராசு அண்ணாச்சி வீடு உங்களுக்கு மறந்திருக்காது. திரேஸ்புரம் போகிற வழியில், முன்னால் பலசரக்குக் கடையும் பின்னால் வீடுமாக நாம் கட்டிக்கொடுத்தது. அதன் வடகிழக்கு மூலையில், தண்ணீர் இருக்க வேண்டிய ஈசானி மூலையில், தரைக்குள் பத்தடி நீளத்துக்குச் செங்கல் தொட்டி கட்டினீர்கள். குழாயில் நல்ல தண்ணீர் வருகிற அன்று பிடித்து நிரப்பிவிட்டால், அடுத்த முறை வரும்வரை வீடும் கடையும் அதில்தான் ஓடும். போர் போட்டால் அந்தத் தெருவில் உப்புத் தண்ணீர்தான் வரும். அந்தத் தொட்டி போன பங்குனியில் ஒழுக ஆரம்பித்துவிட்டது.

நிரப்பி வைத்த தண்ணீர் இரண்டே நாளில் முழங்காலுக்குக் கீழே போய்விடுகிறது. பொன்மணி அக்கா, அதுதான் அண்ணாச்சி வீட்டம்மா, பக்கத்து வீட்டுக்காரி திருடுகிறாள் என்று நினைத்து மூடிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார். பூட்டுக்குள்ளேயும் தண்ணீர் குறைந்த பிறகுதான் அந்தப் பக்கத்து வீட்டுக்காரி தப்பித்தாள். அதற்குள் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒருநாள் காலையில், வேலைக்கு ஆள் கூடுகிற முக்கில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். சுப்பையா மேஸ்திரி வந்தார். நல்ல மனிதர்தான், வாய் மட்டும் நீளம் என்று நீங்களே சொல்வீர்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

“தங்கராசு அண்ணாச்சி வீட்டுத் தொட்டியப் பாத்துட்டு வாரேன். இடிச்சிட்டு கான்கிரீட்ல போட வேண்டியதுதான். இசக்கி கட்டுனதுல்லா? கடல் மண்ணக் கலந்திருக்கான். உப்பு அரிச்சிப் போச்சு.”

கடல் மண்! அத்தான், நம் ஊரில் ஒரு கொத்தனாரை என்ன சொல்லித் திட்டினாலும் சிரித்துக்கொண்டு போய்விடுவான். கடல் மண்ணைக் கலந்தான் என்று சொல்லிவிட்டால் அவன் கதை முடிந்தது. நாலு எட்டு நடந்தால் கடல், அள்ளிக்கொண்டு வந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? அப்படி இருந்தும் ஆற்று மணல் லாரி வராத நாட்களில் வேலையை நிறுத்திவிட்டு, வீட்டுக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, துண்டை விரித்து உட்கார்ந்திருப்பீர்கள். அந்தக் கோபத்தை வீட்டில் வந்து என்னிடம்கூடக் காட்டியதில்லை.

“மண்ண நாக்குல வச்சிப் பாத்தீங்களா, மேஸ்திரி?” என்று கேட்டேன்.

“ஏளா, சித்தாளுக்கு அதப் பத்தி என்னத்தத் தெரியும்? போ, கலவைப் பாண்டைத் தூக்கு.”

சிரித்தார்கள். நாலைந்து பேர்தான் சிரித்தார்கள், ஆனால் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். நாளைக்கு இது ஏரல் வரைக்கும் போகும். இசக்கி கடல் மண்ணைக் கலந்து கட்டினான் என்று, உங்களைப் பார்த்தே இராதவன்கூடச் சொல்வான். டீயை அப்படியே வைத்துவிட்டு நேராக அண்ணாச்சி கடைக்கு நடந்தேன்.

அண்ணாச்சி கருப்பட்டி நிறுத்துக்கொண்டிருந்தார்.

“இருபது நாள் குடுங்க, அண்ணாச்சி. ஒழுக்கு எங்கனன்னு பாத்து நான் அடைக்கேன். முடியலன்னா இடிச்சிக்கிடுங்க.”

“நீயா?”

“நாந்தான். ஏன், இத்தன வருசமா அவரு பூசும்போது நான் கண்ண மூடிக்கிட்டா நின்னேன்?”

அண்ணாச்சி தராசை விட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். உள்ளேயிருந்து பொன்மணி அக்கா குரல் வந்தது. “பாக்கட்டுமே! இடிக்கப் போறதுதான, அவ தட்டிப் பாத்தா தேஞ்சா போவும்?”

அலமாரிக்கு உள்பக்கம், பரணுக்கு மேல்பக்கம் என்று யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து, பூசிப் பழக என் கையில் கரண்டியைக் கொடுப்பீர்களே, அது இப்போது கைகொடுத்தது. தொட்டிக்குள்ளும் யார் கண்ணும் படாது அல்லவா?

முதலில் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். அதுதான் வேலையே. மோட்டாரை நிறுத்தி, குழாயை எல்லாம் அடைத்து, தண்ணீர் நின்ற மட்டத்தில் கோடு கிழித்துவிட்டு, அதை அதன் போக்கில் விட்டுவிட்டேன். ஓட்டை எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுவரைக்கும்தானே தண்ணீர் இறங்கும்? மூன்றாம் நாள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வந்து நின்றது. அதற்குப் பிறகு ஒரு நூல்கூடக் குறையவில்லை. தரையில் பழுது இல்லை, சுவரில் ஒரு சாண் உயரத்தில்தான் எங்கேயோ இருக்கிறது என்று தெரிந்தது. மிச்சத் தண்ணீரை இறைத்து அக்காவின் துணி துவைக்கக் கொடுத்துவிட்டு, மூடியைத் திறந்துபோட்டு ஒருநாள் காற்றாட விட்டேன்.

மறுநாள் ஏணியைப் போட்டு உள்ளே இறங்கியதும் முதல் வேலையாகப் பூச்சைச் சுரண்டி நாக்கில் வைத்தேன். கரிக்கவில்லை. நாலு சுவரிலும் நாலு இடத்தில் வைத்துப் பார்த்தேன். எங்கேயும் கரிக்கவில்லை. கரண்டிக் காம்பால் தட்டினால் கல்லைத் தட்டுகிற மாதிரிச் சத்தம். அங்கேயே நின்று சத்தமாகச் சொன்னேன், “எங்க அத்தான் வேலைடா இது!” தொட்டிக்குள் எதிரொலித்தது. மேலே இருந்து பொன்மணி அக்கா, “யாருகூட ஏளா பேசுத?” என்றார்.

பிறகு காய்ந்த சிமெண்டைக் கையில் அள்ளி, ஒரு சாண் உயரத்தில் சுற்றிலும் தூவினேன். மற்ற இடம் காய்ந்திருக்க, எங்கே உள்ளே ஈரம் ஊறிக்கொண்டிருக்கிறதோ அங்கே மட்டும் சிமெண்ட் கறுக்கும். மூன்று சுவரும் வெளுப்பாகவே நின்றது. மூலைக்கு வந்தபோது ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குக் கறுத்தது.

ஈசானி மூலை.

அத்தான், ஏணியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உளியை எடுத்து உடைத்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. அதற்குள் என்ன இருக்கும் என்று இந்த உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

உங்களிடம் நான் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன்.

அந்த வீடு கட்டுகிறபோது நமக்குக் கல்யாணமாகி ஐந்து வருசம். பிள்ளை இல்லை. நம் வீட்டில் யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை, அதுவே எனக்குப் பெரிய சொல்லாக இருந்தது. குலசை முத்தாரம்மனுக்கு நேர்ந்து, மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசும் ஒரு மஞ்சள் துண்டும் வைத்து முடிந்தேன். முடிந்த காசைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் அசையாமல் வைக்க வேண்டும். நமக்கு அசையாத இடம் ஏது? வருசத்துக்கு ஒரு வாடகை வீடு. போன வீட்டை விட்டு வரும்போது சாமி படத்தையே ரிக்சாவில் கால்மாட்டில் வைத்துக்கொண்டுதானே வந்தோம்?

எனக்குத் தெரிந்து அசையாத இடம் நீங்கள் கட்டுகிற சுவர் மட்டும்தான். அதிலும் அது ஈசானி மூலை. எந்நேரமும் தண்ணீர் நிற்கப்போகிற இடம். நல்லது பெருகும் என்று பட்டது. பூச்சுப் போடுவதற்கு முந்தின நாள், நீங்கள் மேலே ஏறி டீ குடிக்கப் போன நேரம், இரண்டு செங்கலுக்கு நடுவில் இருந்த கலவையைக் கரண்டியால் நோண்டி எடுத்தேன். முடிச்சை உள்ளே திணித்து, மேலே கலவையை அப்பி, ஈரத்துணியால் துடைத்தும் விட்டேன். சந்தோசமாக இருந்தது.

மறுநாள் நீங்கள் பூசும்போது அந்த மூலையில் கையை வைத்துத் தடவினீர்கள். “ஏளா, இங்கன கை வச்சியா?” என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். அது பொய், அத்தான். நான் உங்களிடம் சொன்ன பெரிய பொய் அதுதான்.

அடுத்த வருசம் மலர் பிறந்தாள். நீங்கள் தசராவுக்கு மாலை போட்டுக் குரங்கு வேஷம் கட்டித் தெருத்தெருவாகக் காணிக்கை வாங்கினீர்கள். வாய் பேசாத மனுசன் வாலை ஆட்டிக்கொண்டு குதித்ததைப் பார்த்து, கைப்பிள்ளையோடு நான் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்கு அடங்கவில்லை. குலசை உண்டியலில் வேறு ஒரு ரூபாயைப் போட்டுவிட்டு, நேர்ச்சை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். துணி மக்கும், மஞ்சள் மக்கும், அங்கே ஒரு பொந்து விழும், தாங்க ஆள் இல்லாமல் பூச்சு ஒருநாள் விரியும், தண்ணீர் வழி கண்டுபிடிக்கும் என்றெல்லாம் ஒரு கொத்தனார் பெண்டாட்டிக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. பிள்ளை வேண்டும் என்கிற ஒன்றைத் தவிர எனக்கு வேறு எதுவுமே தோன்றவில்லை.

உளியை வைத்துத் தட்டினேன். பொத்தென்று சத்தம் வந்தது. பூச்சைப் பெயர்த்ததும் ஒன்றைக் கவனித்தேன். தொட்டி முழுக்க ஒரு விரல் கனத்துக்குப் பூசியிருந்தீர்கள். அந்த மூலையில் மட்டும், ஒரு அடி அகலத்துக்கு, இரண்டு விரல் கனம் இருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பூச்சு. அதனால்தான் இத்தனை வருசம் தாங்கியிருக்கிறது. உங்களுக்குத் தெரியுமா, அத்தான்? தெரிந்தும் கேட்காமல் விட்டீர்களா? அல்லது கை தடவினபோது கலவை பச்சையாக இருக்கிறது என்று பட்டு, சும்மா ஒரு பூச்சுக் கூட்டிப் போட்டீர்களா? இதைக் கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை.

உள்ளே துணி இல்லை, கறுப்பாகக் கொஞ்சம் சேறு. காசு மட்டும் இருந்தது. முந்தானையில் முடிந்துகொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

வேலையை நன்றாகச் செய்தேன். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. பொந்தை நல்ல கல் தெரிகிற வரைக்கும் வெட்டி, கழுவி, நனையவிட்டு, சிமெண்ட் பால் தடவி, ஓட்டுச் சில்லும் கலவையுமாக இடித்து அடைத்தேன். கலவையில் தண்ணீர் தாங்குகிற மருந்தை அளந்து ஊற்றினேன். சுவரும் தரையும் சேருகிற இடத்தைக் கூர்மையாக விடாமல், சுற்றிலும் உருட்டி வளைத்துப் பூசினேன். உங்களுக்கு அந்த வளைவு எப்போதும் இடது பக்கம் கொஞ்சம் சரிந்துவிடும். என்னுடையது சரியவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எனக்குச் சித்தாள் யார் தெரியுமா? பொன்மணி அக்கா! தொட்டி வாய் வழியாகக் கயிற்றில் பாண்டை இறக்குவார். “இன்னுங் கொஞ்சம் தண்ணியாக் கலக்குங்க அக்கா” என்பேன். “ஏளா, மூணு பிள்ள பெத்து வளத்தேன், இப்பிடி ஒருத்தியும் என்ன வெரட்டல” என்பார். ஆனால் ஒருநாள்கூட வராமல் இருக்கவில்லை. பூசி முடித்து ஏழு நாள் சுவரை நனைக்க வேண்டும், அதற்கும் நல்ல தண்ணீர்தான் வேண்டும் என்றதும்தான் ஒரு சத்தம் போட்டார். “குடிக்கத் தண்ணி இல்லன்னு கெடந்து முழிக்கோம், நீ சுவத்துக்கு ஊத்தச் சொல்லுத!” அப்புறம் இரண்டு குடம் தந்தார், தினமும் தந்தார்.

அந்த ஏழு நாளும் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டபடியே சுவரை நனைத்தேன். முதல் முதலாக என் பொறுப்பில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. அடுத்தவர் வீட்டுச் சுவரில் தன் நேர்ச்சையை வைத்துக் கெடுத்தவள் என்று தெரிந்தால் யார் என்னை வாசல்படி ஏற்றுவார்கள்? செங்கல் இணைப்பில் விரிசல் என்று சொல்லிவிட்டால் எல்லோரும் நம்பிவிடுவார்கள். ஆனால் விரிசல் விட்டது யார்? கட்டினவர்தானே? கடல் மண் இல்லை என்று ஆனாலும், இசக்கி கட்டினது ஒழுகிவிட்டது என்பது நின்றுவிடும். போனவர் போய்விட்டார், இருக்கிற நான் பிழைக்க வேண்டாமா என்றும் மனசு சொன்னது. ஆமாம், சொன்னது. உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது?

தண்ணீர் வந்தது. தொட்டியை நிரப்பி, கோடு போட்டு, பூட்டினோம். ஒருநாள், இரண்டு நாள், மூன்றாம் நாள். கோட்டிலிருந்து ஒரு நூல் இறங்கவில்லை. அண்ணாச்சிக்குத் தாங்க முடியாத சந்தோசம். கடையில் சாமான் வாங்க வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். “இசக்கி கோட்டை விட்டத அவன் பொண்டாட்டி பிடிச்சிட்டா பாத்தியளா!” என்று சிரித்தார்.

என்னைப் பாராட்டித்தான் சொன்னார். என்னால்தான் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் உங்கள் போட்டோவுக்கு நான் எப்படி விளக்கேற்றுவேன்?

“அண்ணாச்சி, அவரு கோட்டை விடல. நான்தான்” என்றேன். முந்தானையை அவிழ்த்துக் காசைத் தராசுத் தட்டில் வைத்தேன். ஒன்று விடாமல் சொன்னேன்.

அண்ணாச்சி முகம் மாறிவிட்டது. “என் வீட்டுச் சுவத்துல உன் நேர்ச்சையா? கேக்காம கொள்ளாம?”

“தப்புதான், அண்ணாச்சி.”

“ரெண்டு மாசமா குடத்தத் தூக்கிட்டு அலைஞ்சோம். பக்கத்து வீட்டோட சண்ட. உன்னாலயா?”

“என்னாலதான்.”

பொன்மணி அக்கா கையைத் துடைத்துக்கொண்டே கடைக்குள் வந்தார். காசை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “பிள்ள பிறந்துதா?” என்று கேட்டார்.

“பிறந்துச்சு, அக்கா. மலரு. பேரு வைக்கும்போது நீங்க வந்தியள்லா.”

“அப்பம் நல்ல தொட்டிதான்” என்றார். “கோட்டிக்காரி, எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே எங்க சாமி ரூம்புல வச்சிருப்பேனே.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணாச்சி தராசைத் தள்ளி வைத்தார். குரலைத் தணித்துச் சொன்னார், “சரி. சவத்த விடு. ஆனா வெளிய சொல்லாத, ஏளா. ஒருத்தனும் உன்ன வேலைக்குக் கூப்பிட மாட்டான்.” அவர் சொன்னது நியாயம். என் நல்லதுக்குத்தான் சொன்னார்.

ஆனால் கடல் மண் என்று சொல்லப்பட்டது கடைக்குள் இல்லையே, முக்கில் அல்லவா? மறுநாள் காலையில் அங்கே போனேன். எல்லோரும் நின்றார்கள். சுப்பையா மேஸ்திரி டீ குடித்துக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்கவில்லை. அண்ணாச்சி வீட்டு மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரிக்கவில்லை. ஒழுகினது நான் வைத்த முடிச்சால், கட்டினவர் கையால் இல்லை என்று எல்லோரும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டேன்.

மேஸ்திரி டம்ளரை வைத்தார். “உனக்குக் கோட்டி கீட்டி புடிச்சிருக்கா? இசக்கி போயி நாலு வருசமாச்சு. அவனுக்கு நல்ல பேரு வாங்கிக் குடுத்து என்ன ஆவப் போவுது? உன் பொழப்புல்லா போவும்?”

“என் பேரு கெட்டா நான் நாளைக்கு வேல செஞ்சி சரி பண்ணிக்கிடுவேன், மேஸ்திரி. அவரால வந்து சரி பண்ண முடியுமா?”

மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டார். “அப்பம் நான் சொன்னது தப்புதான்” என்றார். “ஏலே, எல்லாரும் கேட்டுக்கிடுங்க. இசக்கி மண்ணு சுத்தமான மண்ணு.” வாய் நீளம்தான், ஆனால் நீளமான வாயால் நல்லதைச் சொன்னாலும் தூரமாகத்தான் கேட்கிறது. அன்றைக்கு அவர்மேல் இருந்த கோபம் எனக்குப் பாதி போய்விட்டது. “சித்தாளுக்கு என்னத்தத் தெரியும்” என்று கேட்டதற்கு மீதிப் பாதியை வைத்திருக்கிறேன்.

அண்ணாச்சி சொன்னதும் நடந்தது. ஒட்டுவேலைக்கு வரச் சொல்லியிருந்த இரண்டு வீட்டில், இப்போது வேண்டாம் என்றுவிட்டார்கள். “எங்க சுவத்துல என்னத்த வச்சிட்டுப் போவ, ஏளா?” என்று கேலி பேசினார்கள். மூன்று வாரம் சும்மா இருந்தேன். மலரிடம் முழுக் கதையையும் சொன்னது அந்த நாட்களில்தான். கோபிப்பாள் என்று பயந்தேன். “அம்மா, நான் தொட்டிக்குள்ள இருந்தா வந்தேன்?” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, “அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்மா” என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியவில்லை, ஆனால் அவள் அப்படிச் சொன்னது எனக்கு வேண்டியிருந்தது. தசராவுக்கு இரண்டு பேரும் குலசைக்குப் போகிறோம். அந்தக் காசை அம்மனிடம் சேர்த்துவிடுவோம்.

இனி கடைசிச் சேதி. உங்கள் போன் நம்பரை நான் விடவில்லை. இந்த நாலு வருசமும் காசு கட்டி உயிரோடு வைத்திருக்கிறேன். உங்கள் நம்பர் எத்தனை வீட்டுச் சுவரில் பென்சிலால் எழுதிக் கிடக்கிறதோ! மாசத்துக்கு இரண்டு மூன்று பேராவது கூப்பிடுவார்கள். “கொத்தனார் இருக்காரா?” என்று கேட்பார்கள். அவர் இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கும் மலருக்கும் அந்த இரண்டு வார்த்தை மரத்துப் போய்விட்டது. சில நாள் அதைச் சொல்ல முடியாமல் அடிக்க அடிக்கப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அடுப்படியில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மலர் எடுத்தாள். திரேஸ்புரத்திலிருந்து ஒரு பெண். மாடியில் கட்டின தொட்டி ஒழுகுகிறதாம், மூன்று பேர் வந்து பூசியும் நிற்கவில்லையாம். போனில் பேசினது எனக்கே கேட்டது. “தொட்டி எதனால ஒழுகுதுன்னு உள்ளதச் சொல்லுத கொத்தனாரு ஒருத்தங்க இருக்காங்கன்னு முக்குல சொல்லி இந்த நம்பரக் குடுத்தாங்க. தன் தப்பாவே இருந்தாலும் மறைக்க மாட்டாங்களாம்ல. கொத்தனார் இருக்காங்களா?”

மலர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மீன் கையோடு நின்றேன். நாலு வருசமாக அந்தக் கேள்விக்கு நம் வீட்டில் ஒரே பதில்தான்.

“இருக்காங்க” என்றாள் மலர். “ஒரு நிமிசம், குடுக்கேன்.”

நாளைக் காலையில் போகிறேன், அத்தான். உங்கள் ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் துடைத்து எடுத்து வைத்துவிட்டேன். கரண்டி மட்டும் எனக்குப் புதிதாக வாங்கியிருக்கிறேன், உங்களுடையது என் கைக்குக் கனம். இனி நான் தொடுகிற சுவருக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது அந்த வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்கும். உங்கள் பேர் மேல் சத்தியம். அதைத் தாண்டி எனக்குச் சத்தியம் பண்ண வேறு எதுவும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மாமன் மகள்
செல்லக்கனி, கொத்தனார்